முதலில் பழுதைப் பாருங்கள்!

விடியற்காலை நாலரை மணி. கொடுங்கையூர் முத்தமிழ் நகரில் ஒரு தெரு. டீக்கடைக்காரர் அப்போதுதான் பாலைக் காய்ச்சி இறக்கியிருந்தார். இரவு வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த நான், ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று நின்றேன்.

"கிர்... கிர்... கிர்... கிர்..."

எதிர்ச்சாரியில் ஒரு டீசல் வேன். சாவியைத் திருப்பினால் என்ஜின் சுற்றுகிறது, நன்றாகவே சுற்றுகிறது. ஆனால் பிடிக்க மாட்டேன் என்கிறது. சாவியை விட்டால் அமைதி. மறுபடியும் சாவி; மறுபடியும் "கிர்... கிர்..."

வேனுக்கு உடையவர் முப்பது வயது வாலிபர். முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே. ஐந்து மணிக்குள் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வண்டி நிற்க வேண்டும். ஏலம் எடுத்த மீனை ஏற்றி மார்க்கெட்டில் கொண்டுபோய் இறக்க வேண்டும். மீன் காத்திருக்காது. மீன் வியாபாரியும் காத்திருக்க மாட்டார். வண்டி வரவில்லை என்றால் பக்கத்தில் நிற்கும் வேறு வண்டியைக் கூப்பிட்டுவிடுவார். அன்றைய வாடகை போயிற்று. இரண்டு நாள் அப்படி நடந்தால் வாடிக்கையே போயிற்று!

சத்தம் கேட்டு நாலு பேர் கூடினார்கள். கூடினால் சும்மா இருப்பார்களா?

"பாட்டரி போச்சு" என்றார் ஒருவர்.

"ஹீட்டர் பிளக் போயிருக்கும். என் மச்சான் வண்டியிலே இதே சங்கதிதான்" என்றார் இன்னொருவர்.

"பம்ப் அடி வாங்கியிருக்கும்" என்றார் மூன்றாமவர்.

"அதெல்லாம் இல்லே, எல்லாரும் தள்ளுங்கப்பா!" என்றார் நான்காமவர். ஐந்தாமவர் ஒன்றும் பேசவில்லை. பனி கொட்டும் ஏதோ ஒரு நாட்டில் எடுத்த வீடியோவைச் செல்போனில் காட்டினார்.

நோய் ஒன்று. வைத்தியர்கள் ஐந்து பேர். மருந்தும் ஐந்து!

வாலிபரின் முகத்தில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "போன மாசமே புது பாட்டரி போட்டேன் சார். அப்புறம் செல்ப் மோட்டாரை மாத்தினாங்க. அப்புறம் நாசிலைக் கழட்டிக்கிட்டுப் போய்ச் சரி பண்ணினாங்க. பதினெட்டாயிரம் ரூபாய் ஆச்சு. காலையிலே இந்தப் பாடு மட்டும் போகலே" என்றார்.

பதினெட்டாயிரம்! வண்டிக் கடனுக்கு அவர் கட்டும் மாதத் தவணையைவிட அது அதிகமாம்.

மேஸ்திரி வந்தார்

அப்போது டீக்கடைக்கு வந்தார் ஒரு பெரியவர். தோளில் துண்டு. விரல் இடுக்குகளில் எந்தச் சோப்புக்கும் போகாத கருமை. அந்தப் பக்கத்தில் எல்லாரும் அவரை 'மேஸ்திரி' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

"தம்பி, முதல்லே சாவியை விடு" என்றார்.

"நேரமாச்சு அண்ணே. மீன் ஏத்தணும்."

"இப்படி அடிச்சுக்கிட்டே இருந்தா புது பாட்டரியும் படுத்துடும், புது செல்பும் வெந்துடும். அப்புறம் மீனு ஏத்த மாட்டே. உன் மோட்டாரே கருவாடாயிடும்!"

கூட்டம் சிரித்தது. மேஸ்திரி சிரிக்கவில்லை. பானட்டையும் திறக்கவில்லை. கேள்வி கேட்டார்.

"நேத்து ராத்திரி எப்படி ஓடிச்சு?"

"நல்லா ஓடிச்சு அண்ணே."

"சூடா இருக்கறப்போ நிறுத்திட்டு உடனே போட்டா?"

"ஒரே அடியிலே பிடிச்சிடும்."

"ராத்திரி பூரா நின்னா?"

"காலையிலே இந்தக் கதைதான்."

"இது எப்போ ஆரம்பிச்சுது? அதுக்கு முந்தி வண்டியிலே என்ன வேலை பார்த்தே?"

வாலிபர் யோசித்தார். "வேற ஒண்ணும் இல்லே அண்ணே... டீசல் பில்டர் மாத்தினேன்."

மேஸ்திரி வண்டியின் பின்புறம் போனார். "ஒரு தடவை அடி" என்றார். சைலன்சர் குழாய் அருகே டார்ச் விளக்கைப் பிடித்தார். புகை வரவில்லை. பிறகுதான் என்ஜின் பக்கம் வந்தார். பில்டருக்கும் பம்புக்கும் நடுவே ஒரு ரப்பர் குழாய்; அதில் ஒரு சாண் அளவுக்கு உள்ளே ஓடுவது தெரியும் துண்டு. அதில் வெளிச்சத்தைக் காட்டினார். டீசல் இருக்க வேண்டிய இடத்தில் சோடா பாட்டில் போலக் குமிழிகள்!

பில்டர் தலையில் உள்ள கைப் பம்பை அழுத்தினார். முதலில் தொளதொளவென்று இறங்கியது. இருபது முப்பது தடவை அழுத்திய பிறகு கையை எதிர்த்து இறுகியது. "இப்போ போடு" என்றார்.

வண்டி பிடித்தது!

கூட்டம் கை தட்டியது. மேஸ்திரி கையை ஆட்டினார். "வண்டி ஓடுது, நோய் தீரலே. நாளைக்குக் காலையிலே மறுபடியும் இதேதான். நிறுத்து" என்றார். பில்டரைக் கழற்றினார். புது பில்டர் போட்டவர் அதன் ரப்பர் வாஷரைச் சரியாக உட்கார வைக்கவில்லை. ஓரிடத்தில் அது மடிந்து கிடந்தது. ராத்திரி முழுவதும் அந்த வழியே காற்று உள்ளே போகிறது. டீசல் மெள்ள இறங்கி டாங்கிக்கே திரும்பிவிடுகிறது. காலையில் என்ஜின் சுற்றுகிறது; குடிப்பதற்கு டீசல் இல்லை. இவ்வளவுதான் சமாசாரம்!

தன் டப்பாவிலிருந்து வேறு வாஷர் எடுத்துப் போட்டார். மொத்தம் முக்கால் மணி நேரம்.

"எவ்வளவு அண்ணே?"

"வாஷர் இருபது ரூபாய். பார்த்ததுக்கு முந்நூறு."

கூட்டத்தில் ஒரு குரல் எழுந்தது: "இருபது ரூபாய் வாஷர் மாத்த முந்நூறு கூலியா!"

டீ ஆறிக்கொண்டிருந்தது. எனக்குச் சுருக்கென்றது.

நம் தமிழ் சொல்வது என்ன?

வாசகர்களே, யோசித்துப் பாருங்கள். பதினெட்டாயிரம் ரூபாய்க்குத் தேவையில்லாத சாமான்கள் மாறியபோது யாரும் 'கூலியா!' என்று கேட்கவில்லை. ஏனென்றால் கையில் சாமான் வந்தது. பாட்டரியைத் தொட்டுப் பார்க்கலாம். செல்ப் மோட்டாரைத் தூக்கிப் பார்க்கலாம். மேஸ்திரி கொடுத்தது கண்ணுக்குத் தெரியாத சரக்கு. அவர் காரணத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். அதற்கு விலை கேட்டால் நமக்கு மனம் கசக்கிறது.

ரிப்பேருக்குத் தமிழில் என்ன சொல்கிறோம்? 'பழுது பார்ப்பது' என்கிறோம். பழுதை மாற்றுவது என்று சொல்லவில்லை; பழுதை அடிப்பது என்றும் சொல்லவில்லை. பார்ப்பது! வேலையில் பாதிக்கு மேல் பார்ப்பதுதான் என்று மொழியே சொல்லிவிட்டது. நாமோ பார்ப்பதை விட்டுவிட்டோம். மாற்றுவதை மட்டும் வைத்துக்கொண்டோம்.

என் கட்சி இதுதான்: பழுதைப் பார்ப்பதற்குத் தனியாகக் கூலி கொடுக்க நாம் பழக வேண்டும். அது வீண் செலவு அல்ல. வண்டி வைத்துப் பிழைப்பவருக்கு அதைவிடச் சிக்கனம் வேறில்லை.

முதல் என்ஜினே ஓடவில்லை!

சுற்றியும் ஓடாத டீசல் வண்டி புதிய அதிசயம் அல்ல. உலகத்தின் முதல் டீசல் என்ஜினுக்கே அந்தக் கதிதான்!

ருடால்ப் டீசல் என்ற ஜெர்மன் என்ஜினீயர் 1893-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் ஆக்ஸ்பர்க் நகரத்துத் தொழிற்சாலையில் தம் முதல் என்ஜினைச் சோதித்தார். வெளியிலிருந்து பெல்ட் போட்டு அதைச் சுற்றினார்கள். எரிபொருள் உள்ளே பாய்ந்ததும் 'படார்' என்று வெடித்து, அழுத்தத்தை அளக்கும் கருவி சிதறியது. ஆனால் என்ஜின் தானாக ஓடவில்லை. 1894 பிப்ரவரியில் ஏறக்குறைய ஒரு நிமிஷம் சொந்த பலத்தில் ஓடிற்று. முழு வெற்றி கிடைத்தது 1897-ல்தான்.

ஏறக்குறைய நாலு வருஷம்! அத்தனை காலமும் அவர் செய்தது, ஏன் ஓடவில்லை என்று பார்த்ததுதான். என்ஜினைப் படைத்தவருக்கே அவ்வளவு பொறுமை வேண்டியிருந்தது. நமக்குக் கால் மணிப் பொறுமை வேண்டாமா?

மூன்று பொருத்தம்

பெட்ரோல் என்ஜினில் பொறி பறக்க வைக்கும் 'ஸ்பார்க் பிளக்' உண்டு. டீசலில் அது கிடையாது. பின் எப்படித் தீப்பிடிக்கிறது?

சைக்கிள் பம்பை வேகமாக அடித்துவிட்டு அதன் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், சுடும். காற்றை நெருக்கினால் சூடு பிறக்கும். மலேயாவிலும் பர்மாவிலும் ஒரு சின்னக் குழலுக்குள் தக்கையை ஓங்கி அடித்து, அந்தச் சூட்டில் பஞ்சைப் பற்ற வைக்கும் வழக்கம் தீப்பெட்டி வருவதற்கு முன்பே இருந்தது. டீசல் என்ஜினும் அதே தந்திரத்தைத்தான் செய்கிறது. உள்ளே இழுத்த காற்றை ஏறத்தாழ 18-ல் ஒரு பங்காக நெருக்குகிறது. காற்றின் சூடு 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேலே போகிறது. அந்த நேரம் பார்த்து டீசலைப் புகைபோலத் தூவினால் தானாகவே பற்றிக்கொள்கிறது.

ஆகவே டீசல் வண்டி பிடிக்க மூன்று பொருத்தம் வேண்டும். காற்று நெருங்கிப் போதிய சூடு பிறக்க வேண்டும். டீசல் வந்து சேர வேண்டும். வரும் டீசல் சரியான அளவில், சரியான நேரத்தில், நன்றாகத் தூவப்பட வேண்டும். மூன்றில் எது இல்லை? இந்த ஒரு கேள்விக்கு விடை தெரியாமல் எந்தச் சாமானையும் கழற்றக் கூடாது.

சுற்றுகிறது என்பது போதாது. எப்படிச் சுற்றுகிறது என்று கேட்க வேண்டும். முனகிக்கொண்டு மெதுவாகச் சுற்றினால் நெருங்கும் காற்று சந்துகளில் கசிந்துவிடும். சூடும் இரும்பில் இறங்கிவிடும். தீ பிறக்காது. நல்ல பாட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவு காட்டும். செல்ப் அடிக்கும்போது 10 வோல்ட்டுக்கும் கீழே வெகுவாக இறங்கினால் பாட்டரியைச் சந்தேகிக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் பாட்டரி முனைகளையும், வண்டியின் உடம்போடு சேரும் எர்த் கம்பியையும் பாருங்கள். எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை நாம் சுவாசிப்பது உப்புக் காற்று. அது பித்தளையையும் தின்னும், இரும்பையும் தின்னும். பச்சை பூத்த முனையைச் சுரண்டித் துடைப்பதற்கு ஐந்து ரூபாய் உப்புத்தாளே போதும். புது பாட்டரியோ பல ஆயிரம்!

புகை சொல்லும் சேதி

வேகமாகச் சுற்றுகிறது, ஆனாலும் பிடிக்கவில்லை. அப்போது என்ன செய்வது? மேஸ்திரி செய்ததுதான், வண்டியின் பின்னால் போக வேண்டும்.

புகையே வரவில்லையா? டீசல் போய்ச் சேரவில்லை. வெள்ளைப் புகை வந்து பச்சை டீசல் வாடை அடிக்கிறதா? டீசல் சேர்கிறது, பற்றவில்லை. இந்த ஒரு பார்வையில் சந்தேகப் பட்டியல் பாதியாகக் குறைந்துவிடுகிறது. செலவு ஒரு காசு கிடையாது!

டீசல் சேரவில்லை என்றால், டாங்கியிலிருந்து அது நடந்து வரும் பாதையிலேயே நாமும் நடக்க வேண்டும். டாங்கியில் டீசல் இருக்கிறதா? அளவு காட்டும் முள் பொய் சொல்லும். குழாயில் வெடிப்பு உண்டா? நம் பேட்டைகளில் எலிகள் ரப்பர் குழாயையும் ஒயரையும் கடித்துவைப்பது சகஜம். பில்டர் அடைத்திருக்கிறதா? அதன் அடித் திருகைத் தளர்த்திக் கொஞ்சம் டீசலைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து வையுங்கள். தண்ணீர் கலந்திருந்தால் அது அடியில் தனியாக நிற்கும். டீசல் மேலே மிதக்கும். பிறகு பியூஸ், ரிலே. பழைய வகைப் பம்பாக இருந்தால், சாவி போட்டதும் டீசலைத் திறந்துவிடும் சொலினாய்டு 'டிக்' என்கிறதா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். இவ்வளவும் சரி என்று தெரிந்த பிறகுதான் பம்ப் பக்கம் கை போகலாம்.

வெள்ளைப் புகை வந்தால் பாதை வேறு. காற்று பில்டர் அடைப்பு, ஹீட்டர் பிளக், நெருக்கம் குறைந்த சிலிண்டர், தவறிப்போன டைமிங் என்று போக வேண்டும். என்ஜின் வழக்கத்துக்கு மாறாக லேசாக, 'விர்' என்று சுற்றினால் உடனே சாவியை விட்டுவிடுங்கள். டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். மேலும் சுற்றினால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும்.

இன்னொரு எச்சரிக்கை. மூக்கில் ஈதர் அடித்து வண்டியை எழுப்பும் வைத்தியம் சிலருக்குப் பிரியம். ஹீட்டர் பிளக் உள்ள என்ஜினில் அது ஆபத்து. காலம் தவறி வெடித்துப் பிஸ்டனையே உடைக்கும். மயங்கியவன் முகத்தில் தண்ணீர் தெளிக்கலாம், வெடி வைக்கலாமா?

எந்த ஊர் வைத்தியம்?

செல்போனில் வீடியோ காட்டிய அன்பரை நான் குறை சொல்லவில்லை. அவர் உதவத்தான் நினைத்தார். ஆனால் அந்த வீடியோ எடுத்த ஊரில் தண்ணீர் உறைகிறது. அங்கே விடியற்காலையில் டீசல் வண்டி பிடிக்கவில்லை என்றால் முதல் சந்தேகம் ஹீட்டர் பிளக். இரண்டாவது சந்தேகம், குளிரில் மெழுகுபோல உறைந்த டீசல். அவர்களுக்கு அது நியாயம்.

கொடுங்கையூரில் எந்த மாதத்தில் டீசல் உறைந்தது? மார்கழியிலும் நமக்கு 20 டிகிரி வெயில் நாட்டுக் குளிர்தான். சிலவகைப் பழைய என்ஜின்களுக்கு இங்கேயும் ஹீட்டர் பிளக் தேவைப்படும் என்பது வாஸ்தவம். ஆனாலும் நம் ஊரில் அதற்குப் பட்டியலில் முதல் இடம் இல்லை. இங்கே முதல் வரிசைச் சந்தேகங்கள் தூசி, தண்ணீர், துரு. குப்பை மேட்டுப் பக்கமும் கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலைகளிலும் தினம் ஓடும் வண்டியின் காற்று பில்டரைத் தட்டிப் பாருங்கள், புரியும். ஊருக்கு ஊர் நோய் வேறு. வைத்தியமும் வேறாகத்தானே இருக்க வேண்டும்?

வெள்ளம் வடிந்த மறுநாள்

தண்ணீர் என்றதும் 2015 டிசம்பரும் 2023 டிசம்பரும் ஞாபகம் வராமல் இருக்குமா? மிக்ஜாம் புயல் மழையில் வடசென்னைத் தெருக்கள் குளமாயின. அப்படித் தண்ணீர் வடிந்ததும் வண்டிக்காரர் செய்யத் துடிக்கும் முதல் காரியம் சாவி போடுவது.

அதுவே தவறு! காற்று நெருங்கும், தண்ணீர் நெருங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது சுற்றினால் பிஸ்டனைத் தாங்கும் ராடு வளைந்துபோகும். தள்ளி ஸ்டார்ட் செய்தால் சேதம் இன்னும் அதிகம். காற்று பில்டரைத் திறந்து பாருங்கள். அது நனைந்திருந்தால் சாவியைத் தொடாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். என்ஜின் ஆயில் மோர்போல வெளுத்திருந்தாலும் அப்படியே. பார்க்காமல் போட்ட ஒரு சாவி, சில ஆயிரத்தில் முடியும் வேலையை முழு என்ஜின் செலவாக்கிவிடும்.

பெட்டி டாக்டர் அல்ல

"இதெல்லாம் பழைய வண்டிக்கு ஐயா. இப்போது எல்லாம் கம்ப்யூட்டர். ஸ்கானர் பெட்டியை மாட்டினால் அதுவே சொல்லிவிடும்" என்று சிலர் சொல்லலாம்.

பெட்டி வேண்டும், மறுக்கவில்லை. 2020 ஏப்ரலில் நாடெங்கும் பி.எஸ். 6 விதிகள் வந்த பிறகு வண்டிகளில் சென்சார்கள் பெருகிவிட்டன. 'காமன் ரெயில்' முறையில் டீசல் ஒரு பொதுக் குழாயில் மிகுந்த அழுத்தத்தில் காத்திருக்கும். அழுத்தம் போதாவிட்டால் கம்ப்யூட்டர் நாசிலைத் திறக்காது. என்ஜின் எந்த நிலையில் சுற்றுகிறது என்று சொல்லும் சென்சார் கெட்டாலும் திறக்காது. அதைப் பெட்டியில்லாமல் கண்டுபிடிப்பது கடினம்.

ஆனால் பெட்டி என்ன சொல்கிறது? 'அழுத்தம் குறைவு' என்கிறது. ஏன் குறைவு என்று சொல்வதில்லை. பம்ப் தேய்ந்திருக்கலாம், நாசில் ஒழுகலாம், சென்சாரே கெட்டிருக்கலாம். நம் மேஸ்திரி கண்ட மடிந்த வாஷராகவும் இருக்கலாம்! காய்ச்சல் 103 டிகிரி என்று தெர்மாமீட்டர் சொல்லும். அது மலேரியாவா டைபாய்டா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். தெர்மாமீட்டரைப் பார்த்து ஆபரேஷன் செய்யலாமா?

பழைய கை வழக்கம் ஒன்றை மேஸ்திரிகளும் விட வேண்டும். முன்பெல்லாம் நாசில் குழாயின் நட்டைத் தளர்த்தி, டீசல் பீச்சுகிறதா என்று பார்ப்பார்கள். காமன் ரெயில் வண்டியில் அதைச் செய்யவே கூடாது. உங்கள் டயரில் இருப்பது சுமார் 35 பவுண்டு அழுத்தம். ஓடும் என்ஜினின் அந்தக் குழாயில் 20,000 பவுண்டுக்கு மேலும் ஏறும். பீச்சும் டீசல் ஊசிபோலத் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். விரலையே எடுக்க நேரும்.

யார் குற்றம்?

அப்படியானால் சாமான் மாற்றும் மெக்கானிக்குகள் எல்லாரும் மோசக்காரர்களா? அப்படிச் சொன்னால் பாவம்.

ஒரு மெக்கானிக் இரண்டு மணி நேரம் பார்க்கிறார். பியூஸ் போனதைக் கண்டுபிடிக்கிறார். பத்து ரூபாய் பியூஸ். ஐந்நூறு கேட்டால் சண்டை. அதே மெக்கானிக் பார்க்காமலே பாட்டரியை மாற்றச் சொல்கிறார். சாமான் கடையில் அவருக்குக் கொஞ்சம் கமிஷன் கிடைக்கிறது. நாமும் முகம் சுளிக்காமல் கொடுக்கிறோம். பிறகு அவர் எதைக் கற்றுக்கொள்வார்? பார்க்கிறவனைப் பட்டினி போட்டு மாற்றுகிறவனுக்கு விருந்து வைத்தவர்கள் நாம்தான்!

"அவன் பார்த்தானா, பார்ப்பதுபோல் நடித்தானா? எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று வண்டிக்காரர் கேட்கிறார். நியாயமான கேள்வி. அதற்கு ஒரே வழி உண்டு. "எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேளுங்கள். பார்த்தவர் காட்டுவார். "இதோ குமிழி, இதோ மடிந்த வாஷர்" என்பார். பார்க்காதவர், "எனக்கு முப்பது வருஷ சர்வீஸ்" என்பார். சர்வீஸ் பெரிதுதான், ஆனால் அது பதில் அல்ல.

எப்போதுமே ஊகித்து மாற்றக் கூடாது என்றும் நான் சொல்லவில்லை. பில்டர் மாற்றக் கெடு தாண்டியிருந்தால் முதலில் அதை மாற்றிப் பார்ப்பது புத்திசாலித்தனமே. எப்படியும் மாற்ற வேண்டியது, விலையும் குறைவு. ஆனால் விலை ஏற ஏற ஊகம் குறைய வேண்டும். பார்வை கூட வேண்டும். பம்பையும் நாசிலையும் ஊகத்தில் கழற்றுவது சூதாட்டம். பணயம் வைப்பது வண்டிக்காரரின் சோறு.

வடசென்னையின் கை

இந்தப் பேச்சை வடசென்னையில் பேசாமல் வேறெங்கே பேசுவது? 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-ல் அசோக் லேலண்ட் என்று பெயர் பெற்று எண்ணூரிலிருந்து லாரிகளையும் பஸ்களையும் நாடெங்கும் அனுப்பிற்று. அதே 1955-ல் தோன்றிய என்பீல்டு இந்தியா, திருவொற்றியூரிலிருந்து புல்லட் மோட்டார் சைக்கிள்களை ஓட்டிவிட்டது. ஒரு காலத்தில் டீசலில் ஓடும் புல்லட்டைக்கூட விற்றது. மணலியில் 1969 முதல் சுத்திகரிப்பு ஆலை டீசல் வடிக்கிறது. என்ஜினும் இங்கே, எண்ணெயும் இங்கே!

அந்தத் தொழிற்சாலைகளைச் சுற்றி வளர்ந்த பேட்டைகளில் ஒலியைக் கேட்டே நோய் சொல்லும் காதுகள் உண்டு. அந்த வித்தை கையிலிருந்து கைக்கு வந்தது, காகிதத்தில் ஏறவில்லை. மேஸ்திரியோடு அது போய்விடக் கூடாது. தொழிற்பயிற்சி நிலையங்களில் 'மெக்கானிக் டீசல்' என்றே ஒரு படிப்பு இருக்கிறது. அங்கே படிக்கும் பையன்களுக்குக் கழற்றவும் மாட்டவும் கற்றுக்கொடுப்பதோடு, கழற்றுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளையும் கற்றுக்கொடுக்க வேண்டும். இப்படிப்பட்ட ஒரு மேஸ்திரியை மாதம் ஒருநாள் அழைத்து உட்கார வைத்தால் என்ன?

நாம் செய்ய வேண்டியது

வண்டிக்காரர்களுக்கு நான் சொல்லும் யோசனைகள் பெரியவை அல்ல.

வண்டி பிடிக்கவில்லை என்றால் பத்து விநாடிக்கு மேல் செல்ப் அடிக்காதீர்கள். அரை நிமிஷமாவது ஆற விடுங்கள். மூன்று தடவைக்குப் பிறகு நிறுத்திவிட்டு யோசியுங்கள். எப்போது ஆரம்பித்தது, சூட்டில் பிடிக்கிறதா, குளிர்ந்தால் பிடிக்கிறதா, அதற்கு முன் என்ன வேலை நடந்தது, புகை உண்டா என்ற ஐந்துக்கும் விடையோடு மெக்கானிக்கிடம் போங்கள். வண்டியில் ஒரு நாற்பது பக்க நோட்டு வையுங்கள். என்ன மாற்றினோம், எந்தத் தேதியில் என்று எழுதுங்கள். மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். முக்கியமாக, வேலைக்கு முன்பே, "பார்க்க எவ்வளவு, மாற்ற எவ்வளவு?" என்று தனித்தனியாகப் பேசிக்கொள்ளுங்கள்.

மெக்கானிக்குகளுக்கு ஒரே வேண்டுகோள். தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்லுங்கள். அதனால் உங்கள் மதிப்பு குறையாது. தெரிந்ததாக நடித்துக் கழற்றிய பம்ப்தான் உங்கள் பெயரைக் கெடுக்கும்.

அன்று என்ன நடந்தது என்று கேட்பீர்கள். வாலிபர் காசிமேடு போய்ச் சேர்ந்தபோது ஐந்தரை தாண்டிவிட்டது. அன்றைய மீன் வேறு வண்டியில் ஏறிப் போய்விட்டதாம். மாலையில் டீக்கடையில் பார்த்தபோது சொன்னார். மறுநாள் காலை நாலரைக்கு அதே தெருவில் காது கொடுத்து நின்றேன். "கிர்..." என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், வண்டி பிடித்துவிட்டது.

முந்நூறு ரூபாய் என்னவாயிற்று என்கிறீர்களா? கூட்டத்தில் ஒருவர் "இருநூறு கொடு, போதும்" என்று தீர்ப்புச் சொல்லியிருந்தார். வாலிபர் ஒரு விநாடி யோசித்தார். பையிலிருந்து முந்நூற்று இருபதை எண்ணி எடுத்து மேஸ்திரியின் கையில் வைத்தார்.

"பதினெட்டாயிரம் கொடுத்தேன், யாரும் எனக்கு ஒண்ணும் காட்டலே. நீங்க காட்டினீங்க அண்ணே" என்றார்.

மேஸ்திரி பணத்தை மடித்து வைத்துக்கொண்டார். ஆறிப்போன டீயைக் கொட்டிவிட்டு இரண்டு புது டீ போடச் சொன்னார். ஒன்று எனக்கு!